விடம் மீட்டல்

சொற்களுக்கும் உடல்நலம் உண்டு. அளவோடு வழங்கும் சொல் வலிமையோடு வாழும். அளவின்றி வழங்கும் சொல் நலிந்து போகும். நம் காலத்தில் அவ்வாறு நலிந்துவரும் சொற்களுள் ‘நஞ்சு’ என்பதும் ஒன்று. மேடையில் ஒருவர் நமக்கு ஒவ்வாத கருத்தைச் சொன்னால் ‘விஷம் கக்கினார்’ என்கிறோம். நமக்குப் பிடிக்காத நூல் ‘நச்சு இலக்கியம்’ ஆகிவிடுகிறது. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது கையில் தரப்படும் துண்டுப் பிரசுரத்தில், சற்று முன்பு நம்மோடு ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுதவரின் கொள்கையே ‘விஷ வித்து’ என்று அச்சேறியிருக்கிறது. அன்று தாளில் வந்தது இன்று கைப்பேசியிலும் வருகிறது. சொல் மட்டும் மாறவில்லை.

பிறர் நம் சமுதாயத்தை நோக்கி இச்சொல்லை வீசும்போது நாம் துடிக்கிறோம். துடிப்பது நியாயமே. ஆனால் நம்மவர் மீது நாமே அதை வீசும்போது அந்தத் துடிப்பு எங்கே போகிறது? ஒருவரை நஞ்சு என்று சொல்லிவிட்டால், அவரோடு பேசவேண்டிய கடமை நமக்கு இல்லாமற் போகிறது. அவர் சொல்வதைக் கேட்கவேண்டிய பொறுப்பும் நீங்குகிறது. நஞ்சோடு யார் உரையாடுவர்? ஆகவே இச்சொல்லை நம் முன்னோர் எவ்வாறு ஆண்டனர், எதன் மீது ஆண்டனர் என்று பார்ப்பது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செயல் அன்று. நம் வீட்டையும் ஜமாஅத்தையும் பற்றிய கேள்வி அது.

பெயர்கள் பல

தமிழில் நஞ்சுக்குப் பெயர்கள் பல. நஞ்சு, கடு, ஆலம், ஆலகாலம், காளகூடம், கரளம், விடம் என்று அடுக்கலாம். வடமொழியின் ‘விஷம்’ தமிழ் ஒலிக்கு இசைந்து ‘விடம்’ ஆயிற்று. ஆலகாலமும் காளகூடமும் பாற்கடல் கடைந்த புராணக் கதையைச் சுமந்து வந்தவை. ‘கடு’ என்பது தனிச் சுவை உடையது. தேள் கொட்டிய இடம் கடுக்கிறது என்கிறோமே, அந்தக் கடுப்பு அதில் இருக்கிறது. அதே ‘கடு’ கடுக்காய்க்கும் பெயர். கொல்லும் பொருளையும் குணப்படுத்தும் பொருளையும் ஒரே சொல்லால் குறித்தது நம் மொழி.

‘ஆலம்’ என்னும் சொல் தமிழ் முஸ்லிம் செவிக்கு இன்னொன்றையும் நினைவூட்டும். தமிழில் அது ஆலமரம், நீர், நஞ்சு என்று பல பொருள் தரும். அரபியில் ஆலம் என்றால் உலகம். ஐவேளைத் தொழுகையிலும் அகிலங்களின் இரட்சகனைப் புகழும்போது ‘ஆலமீன்’ என்று ஓதுகிறோம். இரண்டும் வெவ்வேறு மொழிச் சொற்கள். உறவு ஒன்றும் இல்லை. ஆயினும் ஓர் ஒலியைக் கேட்டவுடன் ஒருவர் நஞ்சை எண்ணுவதும் மற்றொருவர் இறைவனின் படைப்பை எண்ணுவதும், சொல்லின் பொருள் கேட்பவரையும் பொறுத்தது என்பதைக் காட்டுகின்றன.

இதே போன்று ஒலியால் மயக்குவது ‘விஷமம்’ என்ற சொல். குழந்தை விஷமம் செய்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது விஷத்திலிருந்து பிறந்த சொல் அன்று; சமம் இல்லாதது, மேடுபள்ளமானது என்பதே அதன் மூலப் பொருள். நாம் ‘விஷமப் பிரசாரம்’ என்று எழுதும்போது பெரும்பாலும் விஷத்தையே நினைக்கிறோம். மேடுபள்ளம் என்றால் நிரவலாம். விஷம் என்றால் அஞ்சி விலகத்தான் தோன்றும். பொருள் மாறும்போது நடத்தையும் மாறிவிடுகிறது.

பேறு காலத்தில் தாயையும் சேயையும் இணைக்கும் கொடிக்கு நம் மூதாட்டிகள் ‘நஞ்சுக்கொடி’ என்றே பெயர் சொல்வர். பத்துத் திங்கள் குழந்தைக்கு உணவூட்டிய உறுப்புக்கு இப்பெயர் ஏன்? எனக்குத் தோன்றுவது இது: குழந்தை பிறந்தபின் அது வெளியேறிவிட வேண்டும், உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து. தன் காலம் கடந்தும் தங்கிவிடுவது நஞ்சாகிறது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரம்பு கட்டியதை இங்கே நினைவுகூரலாம். கோபம் வருவதை அவ்வரம்பு மறுக்கவில்லை, தங்குவதைத்தான் மறுக்கிறது.

அஞ்சத்தக்க பொருளுக்கு நல்ல பெயர் வைப்பதும் மனித இயல்பு. கொடிய நச்சுப் பாம்புகளுள் ஒன்றுக்கு நாம் வைத்த பெயர் ‘நல்ல பாம்பு’. இரவில் அதன் பெயரைச் சொல்லவும் கூசி ‘பூச்சி’ என்பவர் உண்டு. அரபியரிடத்திலும் இவ்வழக்கம் இருந்தது. பாம்போ தேளோ தீண்டியவனை அவர்கள் ‘ஸலீம்’ என்றனர். நலமாயிருப்பவன் என்பது அதன் பொருள். பிழைத்தெழ வேண்டும் என்ற விருப்பத்தையே பெயராக்கிவிட்டனர். புகாரீ ஷரீஃபில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சியில், பயணம் சென்ற நபித்தோழர்களுக்கு விருந்தளிக்க மறுத்த ஒரு கூட்டத்தாரின் தலைவனை விஷ ஜந்து தீண்டிவிடுகிறது. ‘எங்கள் தலைவர் ஸலீமாக இருக்கிறார்’ என்றுதான் செய்தி வருகிறது. சோறு தர மறுத்த அந்தத் தலைவனுக்கே, கூலியாக ஆடுகள் பேசிக்கொண்டு, தோழர்களுள் ஒருவர் சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதிப் பார்க்கிறார். அவன் நலம் பெறுகிறான். தீண்டப்பட்டவனை நலமுள்ளவன் என்று அழைக்கும் இந்தப் பண்பை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இதற்கு நேர்மாறான கொடுமையும் நம் நாட்டில் உண்டு. பயிரின் பூச்சிகளைக் கொல்லும் நஞ்சை நாம் ‘மருந்து’ என்கிறோம். கிராமங்களில் ‘மருந்தைக் குடித்துவிட்டாள்’ என்று ஒரு செய்தி வந்தால், அதன் பொருள் எல்லார்க்கும் தெரியும். வீடே அலறிக்கொண்டு ஓடும். நஞ்சை மருந்து என்று சொல்லிப் பழகிய நாம், மனிதரை நஞ்சு என்று சொல்லவும் பழகிவிட்டோம். இரண்டிலும் பெயர் இடம் மாறித்தான் கிடக்கிறது.

நச்சுதலும் நச்சும்

நஞ்சு என்னும் சொல் பெயரடையாகும்போது ‘நச்சு’ என நிற்கும்: நச்சுப் பல், நச்சுப் பை, நச்சு மரம். இதே எழுத்துகளால் ஆன வேறொரு சொல்லும் உண்டு. நச்சுதல் என்றால் விரும்புதல். உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பெயருக்கு, தம்மை விரும்பியவர்க்கு இனியவர் என்று பொருள். விருப்பமும் நஞ்சும் ஓர் உருவில் வந்து நிற்பதைக் கண்டு திருவள்ளுவர் வாளா இருப்பாரா? ‘நன்றியில் செல்வம்’ என்னும் அதிகாரத்தில் ஒரு குறள் இவ்விரு சொற்களையும் எதிரெதிரே நிறுத்துகிறது. பிறர்க்கு உதவாமையால் எவராலும் நச்சப்படாத ஒருவனின் செல்வத்துக்கு, ஊர் நடுவே நச்சு மரம் பழுத்து நிற்பதை அக்குறள் உவமை காட்டுகிறது. பழம் இருக்கிறது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, பசித்தவனும் அருகில் இருக்கிறான், பயன் மட்டும் இல்லை. இவ்வளவையும் ஓர் எதுகைக்குள் அடக்கிய திறம் வியக்கத்தக்கது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் செல்வத்தைப் பற்றிக் கூறும் உவமை. செல்வம் ஒரு பாம்பைப் போன்றது என்கிறார்கள் இமாம் அவர்கள். அதில் நஞ்சும் உண்டு. நஞ்சை முறிக்கும் மருந்தும் உண்டு. அதன் தீமைகள் நஞ்சு, நன்மைகள் மருந்து. இரண்டையும் அறிந்தவன் தீமையிலிருந்து தன்னைக் காத்துக்கொண்டு நன்மையை எடுத்துக்கொள்வான். வள்ளுவர் மரத்தைக் காட்டினார்; இமாம் அவர்கள் பாம்பைக் காட்டினார்கள். காலமும் நாடும் சமயமும் வேறு. ஆயினும் செல்வத்தைக் கையாளும் முறையில்தான் நஞ்சு இருக்கிறது என்பதில் இருவர் நோக்கும் ஒன்றே.

வள்ளுவரின் வேறு இரண்டு குறள்களும் ஈண்டு எண்ணத்தக்கவை. கள்ளுண்பவரை அவர் நஞ்சுண்பவர் என்கிறார். மதுவை விலக்கிய மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு அது உவப்பான குறள். மற்றொன்று ‘கண்ணோட்டம்’ அதிகாரத்தில் வருவது. விரும்பத்தக்க நாகரிகத்தை நாடுவோர், நஞ்சு ஊற்றப்படுவதைக் கண்ணால் கண்டபின்பும், பழகியவர் தருவதாயின் அதை உண்டு அமைவர் என்பது அதன் கருத்து. நற்றிணையிலும் இக்கருத்து உண்டு. இதைச் சொல்லுக்குச் சொல் செயலாகக் கொள்ள வேண்டியதில்லை; நம் மார்க்கம் அதற்கு இடமளிக்கவும் இல்லை. நண்பனின் கடுஞ்சொல்லை விழுங்கிக்கொண்டு நட்பைக் காப்பது என்று கொண்டால் அதன் அருமை விளங்கும்.

மூன்று குறள்களிலும் நஞ்சு எது? பயன்படாத செல்வம், அறிவை மயக்கும் கள், நண்பன் ஊற்றும் கிண்ணம். மனம் ஒன்றாதவர் வாழ்வைச் சொல்லும் உட்பகைக் குறளில் குடிசைக்குள் பாம்பு வருகிறது. அங்கும் பாம்போடு உறைவதற்கு ஒப்பிடப்படுவது உடன்பாடில்லாத வாழ்க்கை. நஞ்சு என்று எதைச் சொல்வது என்பதில் அந்தப் பெரும்புலவர் காட்டிய கவனத்தில் ஒரு பங்கேனும் நம் பிரசுரங்களில் உண்டா?

துளை வழியே நுழைவது

இனி அரபு மொழிக்கு வருவோம். நஞ்சுக்கு அரபியில் ‘ஸம்மு’ என்று பெயர். அச்சொல்லுக்கே சிறு துளை என்ற பொருளும் உண்டு. திருமறையின் ஏழாம் அத்தியாயம் நாற்பதாம் வசனத்தில், ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவதைக் குறிப்பிடும் இடத்தில், ஊசிக் காதுக்கு வந்திருக்கும் சொல் ‘ஸம்முல் கியாத்’ என்பதே. தோலின் மயிர்த்துளைகளை அரபியர் ‘மஸாம்’ என்பர். அனற்காற்றைக் குறிக்கும் ‘ஸமூம்’ என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து வந்ததே. அது 15:27, 52:27, 56:42 ஆகிய இறைவசனங்களில் இடம்பெறுகிறது. திருமறைச் சொற்களுக்கு அகராதி கண்ட இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ அவர்கள், ஊசிக் காது, மூக்கு, செவி போன்ற குறுகிய துளைகள் யாவும் ஸம்மு எனப்படும் என்றும், கொல்லும் நஞ்சு தன் நுண்மையால் உடலின் உட்புறங்களில் நுழைந்துவிடுவதால் அப்பெயர் பெற்றது என்றும் விளக்குகிறார்கள்.

எவ்வளவு பொருத்தமான பெயர்! பாம்பின் நச்சுப் பல்லே துளையுள்ள குழாய்தான். அது நம் தோலில் இடும் காயமும் ஊசி முனை அளவே. வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகைவனைத் தடுக்கலாம். துளை வழியே வருவதை எப்படித் தடுப்பது? உடலின் துளைகளுள் செவியும் ஒன்று என்று ராகிப் அவர்கள் சொன்னதை எண்ணினால், கோள் சொல்பவனின் வழி எது என்பது விளங்கிவிடும். தமிழர் நஞ்சை அதன் கடுப்பாலும், அரபியர் அதன் நுழைவாலும் அறிந்தனர். இரண்டு அறிவும் தமிழ் முஸ்லிமின் மரபுச் செல்வம். இவ்விரண்டும் ஒன்றுகூடும் இடம் ஒன்று நம் பெருங்காப்பியத்தில் இருக்கிறது.

சீறாவின் விடமீட்ட படலம்

உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் வளர்ந்தது. அதன் மூன்றாம் காண்டத்தில், யாத்திரைப் படலத்தை அடுத்து வருவது ‘விடமீட்ட படலம்’. நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை நீங்கி, தௌர் மலைக் குகையில் தங்கிய வரலாற்றைச் சார்ந்தது அது.

நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் அந்நிகழ்ச்சி எல்லார்க்கும் தெரிந்ததே. குகைக்குள் முதலில் நுழைந்த ஸித்தீக் (ரலி) அவர்கள், அங்கிருந்த பொந்துகளைத் தம் ஆடையைக் கிழித்து அடைக்கிறார்கள். துணி போதவில்லை. எஞ்சிய துளையைத் தம் பாதத்தால் மூடிக்கொள்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தோழரின் மடியில் தலை வைத்துத் துயில்கிறார்கள். துளையிலிருந்து பாம்பு தீண்டுகிறது. கால் அசைந்தால் அண்ணலார் விழித்துவிடுவார்களே என்று ஸித்தீக் (ரலி) அவர்கள் அசையவில்லை. வலி பொறாமல் வழிந்த கண்ணீர்த் துளி திருமுகத்தில் விழுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் விழித்துத் தம் உமிழ்நீரைத் தடவ, விடம் நீங்குகிறது. திருமறை 9:40 வசனம் குகையில் இருந்த இருவரையும் கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலையும் சொல்கிறது, பாம்பைச் சொல்லவில்லை. பாம்பு பற்றிய அறிவிப்பின் வலிமை குறித்து ஹதீஸ் கலை வல்லாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலை அன்று. காப்பியமாக நம் கைக்கு வந்திருப்பதை இலக்கியமாகப் பார்ப்போம்.

முதலில் படலத்தின் பெயரைப் பாருங்கள். இதே காப்பியத்தின் விலாதத்துக் காண்டத்தில் ‘பாந்தள் வதைப் படலம்’ என்று ஒன்று உண்டு. ஷாம் தேசப் பயணத்தில் வழியை மறித்த பெரும் பாம்பு அங்கே வதைக்கப்படுகிறது. குகையிலோ ‘வதை’ என்ற சொல் இல்லை. ‘மீட்டல்’ என்ற சொல் வருகிறது. தமிழில் மீட்டல் என்பதற்கு நெடிய மரபு உண்டு. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையைத் திரும்பக் கொணர்வது மீட்டல். அதற்குக் கரந்தை என்று தனித் திணையே வகுத்திருக்கிறது புறப்பொருள் வெண்பாமாலை. அடகு வைத்த நகையை மீட்பது என்று இன்றும் சொல்கிறோம். நம்முடையதாய் இருந்து, கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுவதுதான் மீட்டல். விடம் மீட்டல் என்றால் உடலில் ஏறிய விடத்தைத் திரும்ப இறக்குதல் என்றும், விடத்தின் பிடியிலிருந்து மனிதரைத் திரும்பப் பெறுதல் என்றும் இருபொருள் கொள்ள இடமிருக்கிறது.

மீலாது மேடைகளில் இந்நிகழ்ச்சியைச் சொல்லும் பேச்சாளர் பலர், தீண்டிய பாம்பையும் நீங்கிய விடத்தையும் விரிவாக வருணிப்பர். துளையை மூடிய பாதத்தை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவர். அற்புதம் இறைவன் நாடினால் நிகழ்வது. அது நம் கையில் இல்லை. அசையாத பாதம் மனிதச் செயல். அது நம்மால் பின்பற்றக் கூடியது. தோழருக்காகத் துளையை அடைப்பதும், அடைத்ததால் வந்த வலியைப் பொறுப்பதும் இந்நிகழ்ச்சியின் உயிர். அதை விட்டுவிட்டு விடத்தை மட்டும் பேசுவது காப்பியத்தைப் பாதியாகப் படிப்பதாகும்.

அடுத்து நோக்கற்பாலது படலங்களின் வரிசை. விடமீட்ட படலத்தை அடுத்து வருவது ‘சுறாக்கத்துத் தொடர்ந்த படலம்’. பிடித்துத் தருவோர்க்குக் குறைஷிகள் அறிவித்த ஒட்டகப் பரிசுக்கு ஆசைப்பட்டுக் குதிரையில் விரட்டி வந்தவர் சுராக்கா. குதிரையின் கால்கள் மணலில் புதைய, அவர் அபயம் கேட்கிறார். அபயம் எழுத்திலேயே தரப்படுகிறது. பிற்காலத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். இந்த வரிசை வரலாறு தந்த வரிசைதான். ஆனால் இரண்டு படலங்களையும் தொடர்ந்து படிப்பவர்க்கு ஒன்று புலப்படாமல் போகாது. முதற் படலத்தில் விடம் தோழரின் பாதத்தில் ஏறியிருந்தது. அடுத்ததில் ஆசை ஒருவரின் உள்ளத்தில் ஏறியிருந்தது. முன்னதும் மீட்கப்பட்டது, பின்னதும் மீட்கப்பட்டது. விரட்டி வந்தவரைக் காப்பியம் பாம்பாக நடத்தவில்லை. பாம்பு தீண்டியவராக நடத்துகிறது. அரபியர் ‘ஸலீம்’ என்றார்களே, அந்தப் பெயருக்கு உரியவராகவே சுராக்கா திரும்பிப் போகிறார்.

இதுவே சீறா நமக்குக் காட்டும் நெறி என்று கொள்கிறேன். மாறுபட்டு நிற்பவன் நஞ்சு அல்லன். நஞ்சு ஏறியவனாக இருக்கலாம். நஞ்சை அழிக்க வேண்டும். நஞ்சு ஏறியவனை மீட்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்த நாளில் நம் எழுத்து கெட்டது.

கைபரின் விருந்து

‘எல்லா நஞ்சும் மீளுமா?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. சீறாப்புராணம் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் வந்த வரலாற்றைப் பாடப் பனீ அகுமது மரைக்காயரின் ‘சின்னச் சீறா’ தோன்ற வேண்டியிருந்தது. ஆகவே ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், கைபரில் நடந்த நிகழ்ச்சி உமறுவின் காப்பியத்துக்குள் வரவில்லை. மீண்ட விடத்தைப் பாடிய புலவரின் காப்பியம், முற்றும் மீளாத விடத்தை எட்டுமுன் நின்றுவிட்டது.

கைபர் வெற்றிக்குப்பின் ஹாரிஸின் மகள் ஸைனப் என்னும் யூதப் பெண், பொரித்த ஆட்டிறைச்சியில் நஞ்சு கலந்து நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் விரும்பும் பாகம் எது என்று கேட்டறிந்து, அந்த முன்தொடைப் பகுதியில் நஞ்சை மிகுதியாகச் சேர்த்தாள் என்பர். பெருமானார் (ஸல்) அவர்கள் வாயில் வைத்தவுடன் அறிந்து துப்பிவிட்டார்கள். உடன் உண்ட பிஷ்ர் இப்னு பராஃ (ரலி) அவர்கள் அந்நஞ்சால் இறந்தார்கள். அண்ணலாரின் இறுதி நோயின்போது, கைபரில் உண்ட உணவின் வேதனையை இன்னும் உணர்வதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறியதை புகாரீ ஷரீஃப் பதிவு செய்திருக்கிறது. ஆம், சில நஞ்சுகள் ஆண்டுகள் கடந்தும் வலிக்கும். அதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

அவளை அழைத்து முதலில் என்ன செய்தார்கள்? ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்டார்கள். அவளும் காரணம் சொன்னாள்: நீர் அரசராயின் உம்மிடமிருந்து விடுபடுவோம்; நபியாயின் உமக்குத் தீங்கு வராது என்று எண்ணினேன் என்றாள். தமக்கு இழைத்த குற்றத்துக்காக அவளை அவர்கள் தண்டிக்கவில்லை என்று அறிவிப்புகள் கூறுகின்றன. பிஷ்ர் (ரலி) அவர்களின் உயிருக்காகப் பின்னர் அவள் கொல்லப்பட்டாள் என்று கூறும் அறிவிப்பும் உண்டு. எவ்வாறாயினும் குற்றம் குற்றமாகவே விசாரிக்கப்பட்டது. ஒருத்தி கலந்த நஞ்சுக்காக அவள் குலத்தார் அனைவரும் நஞ்சு என்ற தீர்ப்பு அங்கே எழவில்லை.

அதே கைபரிலிருந்து வந்து நபிகளாரின் துணைவியாகி, நமக்கெல்லாம் அன்னையானவர் ஸஃபிய்யா (ரலி) அவர்கள். ஒருமுறை ஆயிஷா (ரலி) அவர்கள், ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான உருவத்தைச் சுட்டி ஏதோ சொல்லிவிட்டார்கள். ‘கடல்நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் சொல்லைச் சொல்லிவிட்டாய்’ என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது இடம்பெறுகிறது. கவனியுங்கள்: நஞ்சின் தன்மையை இதைவிட நுட்பமாகச் சொல்ல முடியாது, நஞ்சு என்ற சொல்லோ அங்கே இல்லை. கெடுத்தது சொல் என்று சுட்டினார்கள். சொன்னவரைக் கெட்டவர் என்று சுட்டவில்லை. இறைச்சியில் கலந்த நஞ்சை ஊரார் அனைவரும் அறிவர். வீட்டுக்குள் ஒரு சொல்லில் கலந்ததை அண்ணலார் அன்றோ அறிந்து சொன்னார்கள்!

அளவும் அறிவும்

இவ்வாறு சொல்வதால் கண்டனமே கூடாது என்று பொருளாகாது. தவறான கொள்கையைத் தவறு என்றே எழுத வேண்டும். சமூகத்தில் வெறுப்பை வளர்ப்பவரின் செயலை மறுத்தே ஆக வேண்டும். நான் கேட்பது அளவையும் அறிவையும்.

1890களில் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு அறிஞர் பாம்பு விடத்துக்கு முறிவு மருந்து கண்டார். இன்றும் அதன் அடிப்படை முறை மாறவில்லை. பாம்பின் விடத்தைச் சிறு சிறு அளவில் குதிரையின் உடலில் செலுத்துகின்றனர். குதிரையின் குருதி அதை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகிறது. அக்குருதியிலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது. நம் நாட்டில் அம்மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விடத்துக்கும் எதிராகச் செய்யப்படுகிறது. வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான விடத்தைத் தருகிறது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விடத்தை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் சொன்ன, பாம்பின் நஞ்சையும் மருந்தையும் அறிந்தவனின் செயல் இதுவே. பாம்பைக் கண்டவுடன் தடியெடுப்பவனால் மருந்து செய்ய முடியாது.

கண்டன எழுத்தும் இவ்வாறு அமைய வேண்டும். எந்தக் கருத்து பிழை, எந்த வாக்கியத்தில் பிழை, அதன் சான்று எது, அதற்கு மறுப்பு எது என்று பிரித்தெடுக்கத் தெரிந்தவன் எழுதும் கண்டனம் மருந்தாகும். ‘விஷம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவன் எதையும் பிரித்தெடுக்கவில்லை. தன் சோம்பலை மறைத்துக்கொள்கிறான். அவ்வாறு எழுதப்பட்ட பிரசுரத்தைப் படித்து எவரேனும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை. அண்ணன் தம்பி வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் நின்றதையும், ஒரே தெருவில் ஸலாம் நின்றுபோனதையும் கேட்டிருக்கிறேன்.

எழுதுவோர்க்கு மட்டும் உரிய கடமை அன்று இது. புறம் பேசுவதை இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்குத் திருமறை 49:12இல் ஒப்பிட்டிருக்கிறான் இறைவன். உண்பதும் வாயால், பேசுவதும் வாயால்; கேட்பது செவியால். இவை ‘ஸம்மு’ என்ற சொல் சுட்டும் துளைகள். ‘அவன் நாக்கில் விஷம்’ என்று பிள்ளைகள் கேட்க ஓர் உறவினரைப் பற்றி நாம் சொல்லும்போது, விஷம் எந்த நாவில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமே தீர்மானித்துக்கொள்வார்கள்.

ஸித்தீக் (ரலி) அவர்கள் குகையில் தேடித் தேடித் துளைகளை அடைத்தார்கள். துணி தீர்ந்தபோது தம் உடலையே வைத்தார்கள். நம்மிடம் அவ்வளவு பெரிய தியாகம் கேட்கப்படவில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒரு சொல்லை அடித்துவிடுவதும், கைப்பேசியில் வந்ததை அடுத்தவர்க்கு அனுப்பாமல் நிறுத்துவதும், செவியில் விழுந்ததை அங்கேயே விட்டுவிடுவதும் நம்மால் முடியும். அந்தச் சிறு செயலில் யாரோ ஒருவர் மீட்கப்படலாம்.

வல்ல நாயன் நம் நாவையும் செவியையும் எழுதுகோலையும் காத்தருள்வானாக! ஆமீன்.